அறைக்கு மேல் 48 டிகிரி

கணினியில் விளையாடும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் மே மாதம் பிறந்தால் ஒரு வழக்கு வந்துவிடும். டிசம்பரில் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே விளையாட்டு இப்போது தட்டித் தட்டி ஓடுகிறது. பெட்டிக்குள் விசிறி இரைவது பக்கத்து அறை வரை கேட்கிறது. பிள்ளை ஏசி கேட்கிறது. அப்பா செயலியின் விவரத்தை எங்கோ தேடிப் படித்துவிட்டு வந்து சொல்கிறார்: “இந்தச் சிப் 95 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான். ரூம்ல 37தானே இருக்கு? 95ஐத் தாங்குறதை 37 என்ன பண்ணிடும்?”

நியாயமான கேள்வி. 80, 90 டிகிரியில் கொதிக்கிற பொருளுக்கு 24 டிகிரிக் காற்றும் குளிர்தான், 37 டிகிரிக் காற்றும் குளிர்தான். இரண்டும் அதைவிட வெகு கீழே இருக்கின்றன. அப்படியிருக்க, கோடை வந்தால் மட்டும் ஏன் தகராறு?

போன மின்சாரம் எங்கே?

செயலி எதையும் சுழற்றுவதில்லை, தூக்குவதில்லை. உள்ளே போகிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 76 வாட் போனால் 76 வாட் சூடு. இதில் தள்ளுபடியே கிடையாது.

76 என்ற எண்ணை ஒரு காரணத்தோடுதான் எடுத்தேன். ஏஎம்டி நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட ரைசன் 5 5600எக்ஸ் செயலிக்கு 65 வாட் என்று விவரக்குறிப்பில் எழுதியிருக்கும். முழு மூச்சில் வேலை செய்யும்போது 76 வாட் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு செயலியையே பிடித்துக்கொண்டு போவோம்.

76 வாட் பெரிய தொகை இல்லை. சிக்கல் அது பிறக்கிற இடத்தின் அளவில் இருக்கிறது. இந்தச் செயலியில் கணக்குப் போடும் சிலிக்கான் துண்டு சுமார் 80 சதுர மில்லிமீட்டர்தான். ஒரு சதுர சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. அதற்குள் 415 கோடி டிரான்சிஸ்டர்கள், நொடிக்கு 460 கோடி துடிப்பு வரை போகும் வேகம். 76 வாட்டில் 60 வாட் இந்தத் துண்டிலேயே பிறக்கிறது என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட். வீட்டு இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட், ஆனால் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது. துணி கருகும் அளவுக்குச் சுடுகிற அந்தத் தகட்டைவிட 15 மடங்கு நெரிசலாக வெப்பத்தைக் கொட்டுகிறது இந்தச் சிப்.

இந்த நெரிசலுக்கு ஒரு வரலாறு உண்டு. டிரான்சிஸ்டரின் அளவு குறையக் குறைய அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டர்களைத் திணித்தாலும் சூடு கூடாது என்று 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். சுமார் 30 ஆண்டுகள் அந்தக் கணக்கு பலித்தது. பிறகு அளவு குறைந்துகொண்டே போனது, மின்னழுத்தம் கூடவே இறங்க மறுத்தது. மேலும் இறக்கினால் அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களின் வழியாகவும் மின்சாரம் கசியும். இன்டெல் 2004 மே மாதம் தன் ‘டெஜாஸ்’ செயலித் திட்டத்தைப் பாதியில் கைவிட்டதற்கு இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் பந்தயம் அத்தோடு ஓய்ந்து, ஒரே சிப்பில் பல மூளைகளை அடுக்கும் காலம் வந்தது.

விசிறி குளிரைத் தருவதில்லை

சீலிங் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. அதனால் ஃபேன் காற்றைக் குளிர வைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் குளிர்விப்பது நம் வியர்வை. ஃபேன் அது சீக்கிரம் ஆவியாக உதவுகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் அறையைத் துளியும் குளிர்விக்காது. மோட்டாரின் சூட்டைக் கொஞ்சம் சேர்த்துவிட்டுத்தான் போகும். செயலிக்கோ வியர்ப்பதில்லை. அதன் தலையில் எத்தனை விசிறிகளைப் பூட்டினாலும் அறைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அதைக் கொண்டுவர முடியாது.

அப்படியானால் கூலர் என்று சொல்லப்படும் விசிறியும் அதற்கடியில் இருக்கும் உலோகக் குவியலும் என்னதான் செய்கின்றன? 76 வாட் இடைவிடாமல் பிறக்கிறது. அந்த 76 வாட்டும் வெளியே போனால்தான் சிப்பின் சூடு ஏறாமல் நிற்கும். வெப்பம் ஓட வேண்டுமானால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். வித்தியாசம் கூடினால் ஓட்டமும் கூடும். எனவே கணினியைப் போட்டதும் சிப்பின் சூடு ஏறிக்கொண்டே போகும். 76 வாட்டையும் வெளியே தள்ளப் போதுமான வித்தியாசம் வந்த இடத்தில் நின்றுவிடும். சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் இடையே அப்போதிருக்கிற வித்தியாசத்துக்கு ‘வெப்ப இடைவெளி’ என்று பெயர் வைப்போம்.

நல்ல கூலர் என்றால் இந்த இடைவெளி குறைவு, மட்டமான கூலர் என்றால் அதிகம். கூலரின் சாமர்த்தியம் அதோடு சரி. நம் 5600எக்ஸுக்கு ஒரு சுமாரான கூலரை மாட்டி, இடைவெளி 48 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அறை 24 டிகிரி என்றால் சிப் 72. அறை 37 என்றால் 85. அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான்: அறையில் ஏறிய 13 டிகிரியும் சேதாரமில்லாமல் சிப்பின் தலையில் வந்து உட்கார்கிறது.

சிப்பிலிருந்து சுவர் வரை

இந்த 48 டிகிரி ஒரே இடத்தில் இல்லை. வழியில் ஒவ்வொரு தடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. சிலிக்கான் துண்டிலிருந்து அதன் மேல் மூடியாக இருக்கும் செம்புத் தகடு, அங்கிருந்து கூலரின் அடிப்பகுதி, பிறகு அலுமினியத் தகடுகள், பிறகு பெட்டிக்குள் இருக்கும் காற்று, அதன் பிறகுதான் அறை.

மூடிக்கும் கூலருக்கும் நடுவில் ஒரு வேடிக்கை நடக்கிறது. இரண்டும் கண்ணாடிபோல வழவழப்பாகத்தான் தெரியும். ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேடுகள் மட்டுமே தொடும். பள்ளங்களில் காற்று சிறைப்படும். காற்று செம்பைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு மோசமான வெப்பக்கடத்தி. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்ற சாம்பல் நிறப் பசை. பசை காற்றைவிடப் பல மடங்கு மேல், உலோகத்தைவிடப் பல மடங்கு கீழ். ஆகவே பள்ளத்தை நிரப்புகிற அளவு போதும். நல்லதுதானே என்று அள்ளிப் பூசினால் உலோகம் தொட்டிருக்க வேண்டிய இடத்திலும் பசை புகுந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. புதிய கூலர்கள் பலவற்றின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிட்டு ‘சிப் ரிப்பேர்’ என்று கடைக்கு எடுத்துவருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அடுத்து, செம்புக் குழாய்கள். கூலரின் அடியிலிருந்து மேலே வளைந்து ஏறி, அலுமினியத் தகடுகளைத் துளைத்துக்கொண்டு போகிற அந்தக் குழாய்களை வெறும் செம்புக் கம்பி என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே வெற்றிடம், அதில் கொஞ்சம் நீர். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால் நீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் மிகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சிப்பின் பக்கம் ஆவியாகி, தகடுகளின் பக்கம் ஓடி, அங்கே மறுபடி நீராகி, உள்சுவரில் படிந்திருக்கும் செம்புத்தூள் பஞ்சின் வழியே தானாக ஊறித் திரும்பி வரும். மோட்டார் கிடையாது, தேய்கிற பாகம் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1942இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைத் தனியாக உருவாக்கினார். விண்கலங்களுக்குப் போன இந்த வெப்பக் குழாய், இப்போது சென்னை ரிச்சி தெருவில் இரண்டாயிரம் ரூபாய்க் கூலரிலும் நான்கு வரிசை இருக்கிறது.

காட்பாடி வீட்டுக் கணக்கு

என் அண்ணன் மகன் காட்பாடியில் இருக்கிறான். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு ஒன்பது மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். மே மாத இரவில் அறை 37 டிகிரி. அவனிடம் இருப்பது இதே 5600எக்ஸ், கூடவே 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டு மட்டுமென்றால் செயலி 76 வாட்டைத் தொடாது. அவன் விளையாடிக்கொண்டே அதை நண்பர்களுக்கு நேரலையாகவும் காட்டுகிறான். அந்த வீடியோவைச் சுருக்கும் வேலையும் செயலியின் தலையில்தான். ஆக முழுச் சுமை.

“டிசம்பர்ல நல்லாத்தானே ஓடுச்சு, சித்தப்பா? பேஸ்ட் மாத்தணுமா?” என்றான்.

“பேஸ்ட் அப்புறம் பார்க்கலாம். மொதல்ல சைடு பேனலைக் கழட்டு.”

முதலில் கேபினெட் எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கு. செயலி 76, கார்டு 170, மதர்போர்டு முதலான மற்றவை 50 என்று வைத்தால், பெட்டிக்குள் சுமார் 300 வாட். ஒரு நிமிடத்தில் 18,000 ஜூல் வெப்பம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,150 ஜூல் போதும். கேபினெட் விசிறிகள் நிமிடத்துக்கு 2 கன மீட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகின்றன என்றால், அந்தக் காற்று 8 டிகிரி சூடேறி வெளியே போகும். செயலியின் விசிறிக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இந்தச் சூடேறிய காற்றுதான். அதற்கு மேல் செயலியிலிருந்து பெட்டிக் காற்றுக்கு 40 டிகிரி. எட்டும் நாற்பதும் 48. மே மாத 37ஐக் கூட்டினால் 85. வரம்பு 95. பத்து டிகிரி கையிருப்பு இருக்கிறது. ஏசிக்கு அவசியமே இல்லை.

கழற்றிப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. கணினி மேசையின் கீழே சிபியுவுக்கென்றே மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு கூண்டு இருக்குமே, அதற்குள் கேபினெட்டைத் திணித்து, பின்பக்கத்தைச் சுவரை ஒட்டித் தள்ளியிருந்தான். வெளியேறிய சூடான காற்று சுவரில் மோதி, பக்கவாட்டில் சுற்றி, முன்பக்கம் வந்து மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. முன்பக்க வலை தொட்டால் பிசுபிசுத்தது. அந்த அறைக்கு அடுத்தது சமையலறை; தாளிக்கிற எண்ணெய்ப் புகை முதலில் படிகிறது, தூசி அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. வெறும் தூசியை ஊதித் தள்ளலாம். இதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கூலரில் விசிறியைக் கழற்றியதும், அதற்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணிபோல ஒரு சாம்பல் படலம். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. தகடுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் சந்துதான் இருக்கும். அதன் வாசலை இது அடைத்துவிட்டால் விசிறி எவ்வளவு கத்தினாலும் உள்ளே காற்று போகாது.

இப்போது மறுபடி கூட்டுவோம். காற்றோட்டம் பாதியாகக் குறைந்தால் 8 என்பது 16 ஆகும். தகடுகள் அடைத்ததால் 40 என்பது 47 ஆனது என்று வையுங்கள். அறையின் 37உடன் சேர்த்தால் 100. வரம்பைத் தாண்டிவிட்டது.

அதே தூசியும் அதே கூண்டும் டிசம்பரில் இல்லையா? இருந்தன. அப்போது அறை 24. கூட்டினால் 87. வரம்புக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பழுது மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தது. மே மாதம் அதைக் காட்டிக்கொடுத்தது. பேஸ்ட் உலர்ந்துபோயிருக்கும், செயலி பழசாகிவிட்டது என்று கோடையில் வருகிற சந்தேகங்களில் பாதி 87, 100 என்ற இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடும்.

பிளோயர் வைத்து ஊதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுழன்று பேரிங் போய்விடும்.

100 டிகிரியில் என்ன நடக்கும்?

எதுவும் எரியாது. ஒரு காலத்தில் எல்லாச் செயலிகளுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற கணினி இதழ் ஒரு சோதனை செய்து படம் பிடித்தது: குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த உலோகக் குவியலை, அதாவது ஹீட் சிங்க்கை, கழற்றினார்கள். ஏஎம்டியின் அத்லான் சில நொடிகளில் புகை விட்டுச் செத்தது. இன்டெல்லின் பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. பென்டியம் 4 நத்தை வேகத்துக்கு இறங்கி விளையாட்டைத் தொடர்ந்தது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு ஏறியது.

இன்று எல்லாச் செயலிகளும் பென்டியம் 4இன் வழியில்தான் போகின்றன. உள்ளேயே வெப்பமானிகள் இருக்கின்றன. வரம்பைத் தொட்டதும் செயலி தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே இறக்கிக்கொள்கிறது. இதைத் ‘தன்னடக்கம்’ என்று சொல்லலாம். கடைக்காரர்கள் ‘த்ராட்டில் ஆகுது’ என்பார்கள். காட்பாடிக் கணினி 100ஐத் தொடவே தொடாது. 95இல் நின்று, 76 வாட்டை 68 வாட் போலக் குறைத்துக்கொள்ளும். சுமை ஏறி இறங்க, வேகமும் ஏறி இறங்கும். திரையில் தட்டுவதாகத் தெரிவது அதுதான்.

தண்ணீர், ஏர் கூலர், ஏசி

‘லிக்விட் கூலர் போட்டால் சரியாகிவிடும்’ என்பது இளைஞர்களிடையே பரவலான நம்பிக்கை. தண்ணீர் சூட்டைச் சிப்பிலிருந்து ரேடியேட்டருக்கு எடுத்துப் போகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டரின் சூட்டை வாங்கிக்கொள்வது அதே அறைக் காற்று. பெரிய ரேடியேட்டர் என்றால் இடைவெளி குறையும், மறுக்கவில்லை. 250 வாட் எடுக்கும் பெரிய செயலிகளுக்கு அது தேவைதான். 76 வாட் செயலிக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பது என் கணிப்பில் வீண். தூசியைத் தட்டாமல் கொடுப்பது இன்னும் வீண்.

காற்றையே அதன் வெப்பநிலைக்குக் கீழே இறக்குகிற பொருள்கள் நம் வீடுகளில் இரண்டுதான். ஒன்று ஏர் கூலர். நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. வேலூரின் வறண்ட மே மாதப் பகலில் 10 டிகிரி வரை இறக்கும். சென்னையில் கடற்காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் நான்கைந்து டிகிரியோடு நின்றுவிடும். கணினிக்கு நேரே திருப்பி வைக்காதீர்கள். கடின நீரின் துளிகள் காற்றோடு பறந்து உள்ளே உப்பாகப் படியும்.

இன்னொன்று ஏசி. 1 டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். (ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கத் தேவையான வெப்பம் என்ற ஐஸ் கம்பெனிக் காலத்துக் கணக்கு இது.) கணினியின் 300 வாட்டும், உட்கார்ந்து விளையாடுகிற ஆளின் உடலிலிருந்து வரும் 100 வாட்டும் அதற்குத் தூசு. கணினியின் 300 வாட்டை வெளியேற்ற ஏசி கூடுதலாகச் செலவழிப்பது 100 வாட் அளவில்தான் இருக்கும். கூரையிலும் சுவரிலும் இறங்குகிற வெயிலைத் தள்ளுவதற்குத்தான் பெரும்பணம் போகிறது. ஏசி போட்டு அறையை 27ஆக்கினால் சிப்பிலும் 10 டிகிரி இறங்கும். பிள்ளை கேட்டது தவறில்லை. ஆனால் அந்த ஏசி ஆளுக்காக. செயலிக்கு அதைவிட மலிவான வழி இருக்கிறது.

குறைவாகப் பிறக்கட்டும்

வெப்பத்தை வெளியேற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பிறப்பதையே குறைக்கலாம். செயலியின் சூடு மின்னழுத்தத்தோடு நேராக ஏறுவதில்லை. மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் சூடு 21 சதவீதம் கூடும். கடைசிக் கொஞ்சம் வேகத்தைக் கறக்கத்தான் மின்னழுத்தத்தை அதிகம் ஏற்ற வேண்டியிருக்கிறது. உச்சியில் இருக்கும் அந்தச் சில சதவீத வேகத்துக்குத்தான் சூட்டில் மிக அதிக விலை. போட்டியாளரைவிட நீளமான பட்டை ஒப்பீட்டுப் படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் அந்த உச்சியில் வைத்தே விற்கின்றன. 37 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

மதர்போர்டின் அமைப்பில் ‘ஈகோ மோடு’ என்று ஒன்று இருக்கும். 5600எக்ஸில் அதைப் போட்டால் உச்சவரம்பு 76லிருந்து 60 வாட் அளவுக்கு இறங்கும். 40 டிகிரி இடைவெளி 32 ஆகிறது. ஒரு பைசா செலவில்லை.

அண்ணன் மகனுக்கு இதில் முதலில் சம்மதமில்லை. “ஃபிரேம் குறையுமே, சித்தப்பா” என்றான். அவன் திரை நொடிக்கு 60 படம் மட்டுமே காட்டக்கூடியது; கார்டு 110, 120 படங்களை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. பாதிப் படங்கள் கண்ணுக்கு வராமலே சூடாக மட்டும் வெளியேறின. ஈகோ மோடைப் போட்டு, விளையாட்டின் அமைப்பில் 60க்கு வரம்பும் கட்டினோம். கார்டு 110 வாட் பக்கம் இறங்கியது. பெட்டிக்குள் 300 வாட் இருந்தது 220 ஆனது, 8 டிகிரி 6 ஆனது. கேபினெட்டைக் கூண்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டாயிற்று.

37, 6, 32. கூட்டினால் 75. ஏசி இல்லாத மே மாத இரவில், தூசி படிந்த டிசம்பரைவிட 12 டிகிரி கீழே. நேரலை வேலையை கிராஃபிக்ஸ் கார்டிலேயே இருக்கும் வீடியோ பகுதிக்கு மாற்றிவிட்டால் செயலியின் பங்கு இன்னும் இறங்கும். அதற்கு ஒளிபரப்பும் மென்பொருளில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தால் ஈகோ மோடு அழிந்து பழைய வரம்புக்கே போய்விடக்கூடும். யாரும் சொல்லமாட்டார்கள், திரும்பிப் போய்ப் பார்த்துப் போட்டுவிட வேண்டும்.